இரண்டு பக்க ‘அவர்களே’

ஆகஸ்ட் 10, 2025, ஞாயிறு

பால் பாக்கெட்டை வெட்டிக்கொண்டே ஜெயப்பிரியா சொல்லிவிட்டாள். "கல்யாணத்துல நீங்கதான் வாழ்த்திப் பேசுதீங்க மாமா."

எனக்கு மேடை ஆகாதே! கணக்கு வாத்தியாராக இருந்த காலமெல்லாம் கரும்பலகையைப் பார்த்தே பேசியவன் நான்.

"எங்கப்பா இருந்தா அவிய பேசியிருப்பாவ. இப்ப எனக்கு நீங்கதானே?"

என் மகன் ஹரி போய் மூன்று வருடம். அவனுக்கு மனைவியாக வந்தவள், அவன் போன பிறகும் என்னை விட்டுப் போகவில்லை. இப்போது கடம்பூர் கோகுலகிருஷ்ணனுக்கு வாழ்க்கைப்படுகிறாள். சம்மதம் சொல் என்று அவளை மாதக்கணக்காக நச்சரித்தவன் நான்தான். பேச மட்டும் எப்படி மறுப்பது?

ஆகஸ்ட் 12

வேலையைத் தொடங்கிவிட்டேன். முதலில் ‘அவர்களே’. மேடையில் ஒரு பெயர் விட்டுப்போனாலும் நம் ஊரில் ஆயுசுக்கும் வருத்தம். மாப்பிள்ளையின் தாய் ஜானகியம்மாள் அவர்களே, தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி அவர்களே, ஜெயப்பிரியா வேலை பார்க்கும் வேளாண்மை அலுவலக அதிகாரி அவர்களே... வயதுப்படி சொல்வதா, பதவிப்படியா? இரண்டு விதமாகவும் எழுதிக் கிழித்தேன்.

ஆகஸ்ட் 16

அக்கா சுந்தரம்மாள் வந்தாள். பேச்சைப் படித்துக் காட்டச் சொன்னாள்.

"ஏலே, நல்ல காரியத்துல செத்தவன் பேர எடுத்துராத. அந்தப் பிள்ளைக்கு ஆகாது. மாப்ள வீட்டுக்காரவ என்ன நெனப்பாவ?"

அவள் சொல்வதும் சரிதானே. ஹரி வந்த இரண்டு வரிகளையும் அடித்துவிட்டேன். அடித்த பிறகு சாப்பிட முடியவில்லை.

ஆகஸ்ட் 20

‘அவர்களே’ மட்டும் இரண்டு பக்கம். ஜெயப்பிரியாவைப் பற்றி ஒரே வரி: ‘குணவதி’. யாருக்கும் பொருந்துகிற சொல். இதற்கா என்னைக் கேட்டாள்?

ஆகஸ்ட் 24

அவளை எப்படிச் சொல்வது? மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தால் இடைசெவல் ஊர் விவசாயச் சம்சாரிகள் அவளுக்குத்தான் போன் போடுகிறார்கள். போன கார்த்திகை மழையில் கரிசல் சகதி அப்பி ஸ்கூட்டர் சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டதாம். நோண்டி எடுத்துவிட்டு மறுபடி போயிருக்கிறாள். அதற்கென்றே ஸ்கூட்டர் பெட்டியில் ஒரு குச்சி வைத்திருக்கிறாள். யார் மீதும் குறை சொல்லாமல், குச்சியைக் கையோடு வைத்துக்கொள்கிற பெண். இதை எழுதினால் மண்டபத்தில் சிரிப்பார்களோ?

ஆகஸ்ட் 29, வெள்ளி

முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

"பயப்படாதீங்க சார், மைக்கு கடிக்காது" என்றார் மைக் செட் வெயிலுமுத்து.

தாளைப் பார்த்தபடியே ‘அவர்களே’வைப் படித்தேன். முதல் பக்கம் முடிவதற்குள் பந்தி ரெடி என்று யாரோ சொல்ல, நாற்காலிகள் இழுபட்டன. இரண்டாம் பக்கம் முடித்து நிமிர்ந்தால் மண்டபம் காலி. மேடையில் மணமக்கள், முன்வரிசையில் ஜானகியம்மாளும் அக்காவும், ஓரமாக வெயிலுமுத்து. அவ்வளவுதான்.

பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

குச்சியைச் சொன்னேன். ஹரியின் காரியம் முடிந்து அவள் வேலைக்குக் கிளம்பிய காலையைச் சொன்னேன். கட்டிலை விட்டு எழாமல் கிடந்த என்னிடம், "குக்கர்ல மூணு விசில் மாமா. நாலாவது விட்டீங்கன்னா கஞ்சிதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். விசிலை எண்ணுவதற்காகத்தான் நான் அன்று எழுந்தேன்.

பிறகு அதுவும் வந்துவிட்டது. "என் மகன் ஹரி இருந்தா இவள நெனச்சுப் பெருமைப்பட்டிருப்பான். என் வீட்டுச் சாவி ஒண்ணு இவகிட்ட இருக்கு. அத நான் திருப்பிக் கேக்க மாட்டேன்."

ஐயோ, சொல்லிவிட்டேனே! ஜெயப்பிரியா முகத்தை மூடிக்கொண்டாள். ஜானகியம்மாள் அசையவில்லை. கோகுல் எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார்.

இறங்கியதும் வெயிலுமுத்து கையைப் பிடித்துக்கொண்டார். "பந்தியிலயும் ரெண்டு ஸ்பீக்கர் பாக்ஸ் கட்டியிருக்கேன் சார். எல்லாரும் கேட்டாவ. சாம்பார் வாளியோட ஒருத்தன் அங்கனயே நின்னுட்டான்."

முன்பே தெரிந்திருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன்.

அக்கா வந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்: "ஊர்ல உள்ளவன் பேரையெல்லாம் சொன்னியே, எம்பேரச் சொன்னியாலே?"

விட்டுப்போய்விட்டது. ஒரே ஒரு பெயர்!

ஆகஸ்ட் 30

வீடு ரொம்ப அமைதி.

செப்டம்பர் 14, ஞாயிறு

அடுப்பில் குக்கரை ஏற்றியிருந்தேன். வாசலில் சாவி திரும்பும் சத்தம். ஜெயப்பிரியாவும் கோகுலும், கையில் கடம்பூர் போளி. ஜானகியம்மாள் கொடுத்துவிட்டாராம்.

கோகுல் ஹரியின் படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஹரி அண்ணன் சின்ன வயசுல எப்படி மாமா? சேட்டை பண்ணுவாவளா?"

மூன்று வருடமாக இந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. சொல்ல ஆரம்பித்தேன். ஜெயப்பிரியாவும் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

மதியம் மூவரும் கஞ்சிதான் குடித்தோம்.