கடைசி அறைக்கு முதல் வாளி

அன்பு மச்சான் சூசை,

நீ கண்ணை மூடிய பிறகு என்னை "டேய்" என்று கூப்பிட ஊரில் ஆளில்லை. மகன் கனடாவில். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என் மனைவியும் அங்கே போய்விட்டாள். தனியாக இருக்கப் பிடிக்கவில்லை, எழுதுகிறேன்.

மஸ்கட் கேம்ப் ஞாபகம் இருக்கிறதா? ஊரைவிட்டுக் கிளம்பி, பல நாட்டு ஆட்களோடு ஒரே தண்ணீர்த் தொட்டியை நம்பிக் கிடந்தோமே. தொட்டிக்குப் பக்கத்து அறைக்காரர்கள் குளித்துவிட்டு, வாளி வாளியாகப் பிடித்தும் வைத்துக்கொள்வார்கள். கடைசி அறை வங்கதேசத்து ரகுமான் சோப்பு நுரையோடு நிற்பான்.

நீதான் நம் வாய்க்கால் முறையை அங்கே கொண்டுவந்தாய். கடைமடைக்கு முதல் தண்ணீர், தலைமடைக்குக் கடைசி. முதல் அறைப் பெஷாவர்காரர் முறைத்தார்.

"தொட்டி எங்க வாசல்ல இருக்கு. நாங்க ஏன் காத்திருக்கணும்?"

உன் அரைகுறை இந்தியில் நீ சொன்னாய்: "அவன் குளிக்கலைன்னா அவனுக்கு வர்ற சொறி உங்க ரூமுக்கும் வரும் பாய்."

மனுஷர் சிரித்துவிட்டார். தன் முறை நிச்சயம் வரும் என்று தெரிந்ததும் யாரும் வாளியில் பதுக்கவில்லை.

ரகுமான் நேற்று போனில் பேசினான். அவன் ஊர் வயலில் கடல் உப்பு ஏறிவிட்டதாம். கடைமடையில் இருக்கும் உன் வயலிலும்தான், மச்சான். டிவியில் நாடுகளெல்லாம் கூடிப் பேசுகின்றன. "நீ முதலில் புகையைக் குறை, பிறகு நான் குறைக்கிறேன்" என்கிறார்கள். எங்கோ கக்கும் புகைக்கு இங்கே பேராவூரணிப் பக்கம் கடல் ஏறுகிறது. எந்த நாடு தனியாக நின்று இதைத் தடுக்கும்? சொறிக் கதையை அவர்களிடம் யார் சொல்வது? எனக்குக் கோபம்தான் வருகிறது.

உன் மனைவி செலின் வந்திருந்தது. "நாலு தரம் நல்ல தண்ணி பாஞ்சா உப்பைக் கழுவிடும்ணே. இல்லேன்னா நிலத்தை வித்துட்டு மக வீட்டுக்குப் போயிடுறேன்" என்றது. உன் முறையை மஸ்கட்டில் காப்பாற்றினோம். ஊரில் அது எப்போதோ போய்விட்டது. என்னைப் போன்ற தலைமடைக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தேன். "மத்தவங்க விடட்டும், நாங்களும் விடுறோம்" என்றார்கள்.

இன்று காலை புது ஆற்றுக் கால்வாய்த் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்தது. என் மடையை மண் போட்டு அடைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தேன். மற்ற மடைகளெல்லாம் திறந்தே கிடந்தன. பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன் அடைத்தால் போதாது என்று எனக்கும் தெரியும். சாயங்காலம் அடுத்த வயல் கோவிந்தன் வந்தான். தன் மடையிலும் ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டுப் போனான்.

நாளை மூன்றாவது வயல்காரர் வீட்டுக்குப் போய்க் கேட்பேன். சிரித்தால் சிரிக்கட்டும். உன் வயல் நனையும் வரை என் மடை திறக்காது, மச்சான்.

முதல் வயலில் கடைசித் தண்ணீருக்குக் காத்திருக்கும்,
உன் மச்சான்
முருகையன்