புள்ளிக்கு மூன்று ரூபாய்

என் அக்காவைக் கட்டியவரே, என்னைத் திட்டாமல் திருத்தப் பார்த்த ஒரே ஆளே, மாமா,

2008 ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை, மாலை மூன்று நாற்பது. ஆகுர்டியில் நம் ஆலையின் கேட். நின்றவர்கள் நூற்று எண்பத்து நான்கு பேர். புதிய சம்பள ஒப்பந்தத்துக்குக் கை தூக்கியவர்கள் நூற்று எண்பத்து மூன்று. தூக்காதவன் நான்.

நம் தெருச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். நல்லவர், வல்லவர், பழகுவதற்கு இனியவர் என்று எழுத எனக்கு வராது. அதனால் நடந்ததை உங்களுக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் வேண்டுமானால் படித்துக்கொள்ளட்டும்.

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. கட்கி ஸ்டேஷன் படியில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், அவ்வளவுதான். லோக்கல் வண்டி அன்றைக்கும் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. உங்களுக்குப் பதிலாக அக்காவுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். பேக்கிங் பிரிவு, ஆரம்பச் சம்பளம். அவள் கையில் வாங்குவதில் பாதிக்கு மேல் பஞ்சப்படி. ஆகவே பஞ்சப்படியில் யாராவது கை வைத்தால் அது நேராக நம் வீட்டு அடுப்பில் கை வைப்பது. உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மலர் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை என்ன நடந்தது என்றால், ஆலைத் தொழிற்சங்கச் செயலாளர் ஷிண்டே டீக்கடை முக்காலி மேல் ஏறி நின்று அறிவித்தார். அவர் பேசியது மராட்டி. நான் தமிழில் எழுதுகிறேன். “இது வரைக்கும் விலைவாசிப் புள்ளி ஒண்ணு ஏறினா ரெண்டு ரூபா. இனிமே மூணு ரூபா! அண்ணா உயிரோட இருந்தப்போகூட இது கிடைக்கல!” அண்ணா என்றால் நீங்கள்தான், சங்கத்துக்காகக் கம்பெனியிடம் பேசியவர். அவர்களுக்குத் தெற்கிலிருந்து வந்தவன் எல்லாம் அண்ணா. கைதட்டல் ரோடு வரைக்கும் கேட்டது. பழைய பஞ்சப்படி சம்பளத்தோடு சேர்ந்துவிடும், இனி ஏறும் புள்ளிகளுக்கு மூன்று ரூபாய், மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம்.

எந்தப் புள்ளி?

நான் தரப் பரிசோதனையில் இருப்பவன். வரைபடம் கைக்கு வந்தால் முதலில் அளவைப் பார்க்க மாட்டேன், அளவு எந்த அலகில் என்று பார்ப்பேன். நோட்டீஸ் பலகையில் ஒட்டிய அறிவிப்பில் தெளிவாகவே போட்டிருந்தது: 2001 = 100. ஒளித்து வைக்கவில்லை. யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

2006 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அரசாங்கம் விலைவாசிக் குறியீட்டின் அடிப்படை ஆண்டை மாற்றியது. பழைய கணக்கில் 1982-ஆம் வருடத்து விலை நூறு. புதிய கணக்கில் 2001-ஆம் வருடத்து விலை நூறு. டிசம்பரில் ஐந்நூற்று ஐம்பது என்று இருந்த எண், ஜனவரியில் நூற்றுப் பத்தொன்பது என்று வந்தது. பாதி ஆலை சம்பளம் போச்சு என்று அலறியது. மீதிப் பாதி விலை இறங்கிவிட்டது என்று நினைத்தது! நீங்கள்தான் ஆபீசுக்குள் போய் உட்கார்ந்து, புதிய எண்ணை 4.63 ஆல் பெருக்கினால் பழைய எண் வரும், அந்தப் பழைய புள்ளிக்குத்தான் இரண்டு ரூபாய் என்று எழுதி வாங்கினீர்கள். அதற்குப் பிறகு மாதாமாதம் பெருக்கிக் கொடுத்தார்கள். யாரும் கேள்வி கேட்கவில்லை.

இப்போது பெருக்கலை எடுத்துவிட்டார்கள். புதிய புள்ளி ஒன்று ஏற, பழைய புள்ளி நாலரைக்கும் மேல் ஏற வேண்டும். புதிய கணக்கில் பத்துப் புள்ளி ஏறினால் பழைய முறையில் தொண்ணூற்றிரண்டு ரூபாய் வந்திருக்கும். ஷிண்டே கைதட்டல் வாங்கிய முறையில் முப்பது ரூபாய் வரும். இதைத்தான் சம்பள உயர்வு என்று கொண்டாடினார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தெரியும். ஊகித்திருப்பீர்கள். கூட்டத்துக்கு நடுவில் நின்று, “படிக்காம கை தூக்குறீங்களே, முட்டாள்களா” என்று இந்தியில் கத்தினேன். பிரஸ் ஷாப் பிரிவுக்காரன் ஒருவன் திரும்பிப் பார்த்தான். “அரே சோட்டா அண்ணா, டிப்ளமா படிச்சவன் நீ ஒருத்தன்தான், ஒத்துக்கிறோம். போய் வீட்டுல சாம்பார் இருக்கான்னு பாரு.” எல்லோரும் சிரித்தார்கள். ஷிண்டே மட்டும் சிரிக்கவில்லை. “வெள்ளிக்கிழமை கையெழுத்து. அதுக்குள்ள உனக்குப் புரிஞ்சதை எங்களுக்குப் புரிய வை. இல்லேன்னா வாயை மூடு” என்றார்.

செவ்வாய்க்கிழமை கேன்டீன் சுவரில் விலைவாசி வரைபடம் ஒட்டினேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செங்குத்தாக ஏறும் கோடு, தொண்ணூற்றெட்டில் வெங்காய விலை போட்ட துள்ளல், இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருடம் கிட்டத்தட்டச் சமவெளி, 2006-லிருந்து மறுபடி ஏற்றம். பக்கத்தில் பெருக்கல் சூத்திரம். சிவப்பு, நீலம், பச்சை. என்னைக் கேட்டால் நல்ல வரைபடம். மதியம் போய்ப் பார்த்தேன். கீழே விழுந்து கிடந்தது, மேலே யாரோ மிசல் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தொண்ணூற்றெட்டில் நீங்கள் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு அரைக் கிலோ வெங்காயத்தைக் கலர் பேப்பரில் சுற்றிப் பரிசாகக் கொண்டு போனீர்கள். வீடே சிரித்தது. பிறகு அந்த வீட்டு அம்மா அதைப் பத்திரமாக எடுத்து பீரோவில் வைத்தாராம். இதை அக்கா இப்போதும் சொல்வாள். ஆனால் அந்த வருடத்தைப் பார்த்தவர்கள் நம் ஆலையில் முப்பது பேர்கூட இல்லை. மற்றவர்கள் எல்லாம் சமவெளிக் காலத்தில் வேலைக்கு வந்தவர்கள். டிவியில் வாராவாரம் சொல்லும் பணவீக்க எண்தான் நம் சம்பளத்தை முடிவு செய்கிறது என்று நினைக்கிறார்கள். அது மொத்த விலை, நமக்குச் சில்லறை விலை என்று யார் சொல்லியிருக்கிறார்கள் அவர்களுக்கு? அந்த எண் பன்னிரண்டிலிருந்து எட்டுக்கு வந்தால் விலை இறங்கியது என்கிறார்கள். ஏறுகிற வேகம்தான் குறைந்தது, ஏறுவது நிற்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை.

இங்கே உங்களிடம் ஒரு கோபம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நீங்கள் எல்லாவற்றையும் நீங்களே செய்தீர்கள் மாமா. யாராவது கேட்டால், “நான் பாத்துக்கறேன், நீ மிஷினைப் பாரு” என்பீர்கள். பதினைந்து வருடம் அண்ணா பார்த்துக்கொண்டார். அண்ணா போனதும் நூற்று எண்பத்து மூன்று கை மேலே போகிறது. ஒரே ஒரு ஆளுக்காவது அந்தப் பெருக்கலைக் காட்டிக் கொடுத்திருக்கலாமே? எனக்கே நீங்கள் காட்டவில்லை. நோட்டீஸைப் பார்த்து நானாகக் கண்டுபிடித்தேன்.

செவ்வாய் மாலை போபோடியில் நம் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அக்கா காய் வாங்கப் போனவள் வெறும் பையோடு திரும்பி வந்தாள்.

“இன்னாடா, மொகத்த இப்டி வெச்சிகினு இருக்க?”

“ஒண்ணுமில்ல. உன் சம்பளத்த ஏமாத்தப் போறாங்க. சொன்னா எவனுக்கும் புரியல.”

“உனுக்குச் சொல்லத் தெரியலன்னு சொல்லு.” பையை ஆணியில் மாட்டினாள். “எனுக்கே இப்ப ஒருத்தன் அல்வா குடுத்தான். தக்காளி பத்து ரூபா, பத்து ரூபான்னு கூவிகினு போறான். மலிஞ்சிடுச்சேன்னு ஓடிப்போயி ஒரு கிலோ போடுன்னா நாப்பது ரூபா குடுன்றான். பாவ் கிலோ பத்தாம். முன்னாடி கிலோவுக்குக் கூவுவானுங்க, இப்ப காலுக்குக் கூவுறானுங்க. கூவுறது மட்டும் அதே பத்து.”

நான் எழுந்து நின்றுவிட்டேன். “அக்கா, இன்னொரு தடவ சொல்லு.”

“போடா. ரசம் மட்டுந்தான் இன்னிக்கு.”

வரைபடத்தைக் கிழித்துப் போட்டேன். புதன்கிழமை மாலை ஷிப்ட் மாறும் நேரத்தில், கேட்டுக்கு வெளியே அதே முக்காலியில் ஏறினேன். நீங்கள் எப்படி வருடக்கணக்காக இதன் மேல் நின்றீர்கள்?

“சோட்டா அண்ணா இன்னைக்கு என்ன படம் காட்டப் போற?” என்று கீழேயிருந்து ஒருவன்.

“படம் இல்ல. ஷிண்டேகிட்ட ஒரு வியாபாரம் பேசணும்.” ஷிண்டேவுக்கு சாகண் பக்கம் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது, வெங்காயம் போடுகிறார், சாகண் சந்தையில் விற்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். “ஷிண்டே, நான் வெங்காய வியாபாரி. போன வருஷம் உங்ககிட்ட ரெண்டு ரூபாய்க்கு வாங்கினேன். இந்த வருஷம் மூணு ரூபா தர்றேன். கொடுப்பீங்களா?”

“கொடுப்பேன். ஏன் கொடுக்க மாட்டேன்?”

“போன வருஷம் பாவ் கிலோவுக்கு ரெண்டு ரூபா கொடுத்தேன். இந்த வருஷம் முழுக் கிலோவுக்கு மூணு ரூபா.”

ஷிண்டே வாயில் ஒரு வசவு வந்தது, மராட்டியில். மலரில் அச்சிட முடியாது. “உன்னைச் சந்தையை விட்டே துரத்துவேன்” என்றார்.

“அதேதான் இங்க நடக்குது. பழைய புள்ளி பாவ் கிலோ. புதுப் புள்ளி ஒரு கிலோவுக்கும் மேல. அவங்க மூணு ரூபான்னு கூவுறாங்க, நாம தராசைப் பார்க்கல.”

பின்னாலிருந்து ஒருவன் சத்தமாகச் சிரித்தான், “ஷிண்டே, உன் காந்தாவை வித்துட்டியே!” என்று. காந்தா என்றால் மராட்டியில் வெங்காயம். சிரிப்பு அப்படியே பரவியது. திங்கட்கிழமை சிரித்த சிரிப்பு வேறு, இது வேறு. ஷிண்டே கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். தன் தப்பை மறைக்கவில்லை, என் மேல் பாயவும் இல்லை. “திங்கட்கிழமை நான் தராசைப் பார்க்கல. இந்த ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்பணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க” என்றார்.

நூற்று முப்பத்தொன்று. மீதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பண்டிகைக்கு முன்னால் நிலுவைத் தொகை கைக்கு வரும் என்று எதிர்பார்த்தவர்கள் அவர்கள். இழுத்தடித்தால் அது தள்ளிப்போகும். அவர்கள் கணக்கும் பொய் இல்லை. அக்கா பேக்கிங் வரிசையில் நின்றிருந்தாள். கை தூக்கினாளா என்று நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டேன். “ரெண்டு கையும் தூக்கினேன், ஒண்ணத்தான் எண்ணினாங்க” என்றாள். நீங்கள் போன பிறகு அவள் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கூட்டம் கலைந்ததும் ஷிண்டே என் தோளில் கை போட்டார். “வெள்ளிக்கிழமை கம்பெனியோட பேசும்போது அண்ணாவோட நாற்காலியில நீ உக்காரு. ஆனா அங்க போயி எவனையும் முட்டாள்னு சொல்லாத. சொன்னா நானே உன்னை வெளியே அனுப்பிடுவேன்.”

இன்று வியாழன், ஆலைக்கு வார விடுமுறை. கம்பெனி ஒத்துக்கொள்ளுமா என்று எனக்குத் தெரியாது. தவறுதலாக விட்டுப்போன பெருக்கலா, வேண்டுமென்றே விட்டதா என்றும் தெரியாது. கேட்கப் போவதும் இல்லை. அலகைச் சரி செய்தால் போதும். நாளைக் காலைக்கு முன் உங்களிடம் ஒப்படைக்க ஒரு பட்டியல் இருக்கிறது. இதில் எதையும் விட மாட்டேன். இது வாக்கு.

1. நாளை பேச்சின் முதல் வாக்கியத்திலேயே எண்ணைச் சொல்வேன். இப்போது வாங்குவதே புதிய புள்ளிக்கு ஒன்பது ரூபாய் இருபத்தாறு காசு. அதற்குக் கீழே கையெழுத்து கிடையாது. இரண்டு ரூபாய் மூன்றாகிறது என்று அவர்கள் சொன்னது உண்மையானால், பதிமூன்று ரூபாய் எண்பத்தொன்பது காசு.

2. நிலுவைத் தொகையைப் பண்டிகைக்கு முன் தனியாகக் கொடுக்கச் சொல்லிக் கேட்பேன். கை தூக்காத ஐம்பத்து மூன்று பேரும் நம் ஆட்கள்தான்.

3. முட்டாள் என்று சொல்ல மாட்டேன். மனதுக்குள் நினைத்தால் நீங்கள் கண்டுகொள்ளக் கூடாது.

4. மாதக் கடைசியில் குறியீட்டு எண் வரும்போது கேட் பலகையில் அதை எழுதி, எவ்வளவு ஏறியது, எவ்வளவு ரூபாய் என்று கணக்குப் போட்டுக் காட்டுவேன். முதல் மாதம் மட்டும் நான். அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் வேறு வேறு ஆள். யாராவது, “நீயே பாத்துக்கோ” என்றால் சாக்பீஸை அவர் கையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

5. இரண்டாவது மாதம் சாக்பீஸ் அக்காவுக்கு. பேசிவிட்டேன். “எனுக்கு பெருக்கல்லாம் வராது” என்றாள். வரும்.

6. 2011-ல் இந்த ஒப்பந்தம் முடியும்போது நான் ஆலையில் இல்லாவிட்டாலும், உயிரோடு இல்லாவிட்டாலும், கேட்டில் நிற்கும் ஒருவர் கூட எந்தப் புள்ளி என்று கேட்காமல் கை தூக்கக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் பேச்சுக்கு அடங்காத மச்சான்,
பாலு