தீட்டுத் தண்ணீரும் உன் வாலறுந்தானும்

என் பிடிவாதக்கார அண்ணனுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க மாட்டேன். கேட்டபோதெல்லாம் பொய் சொன்னவன் நீ. இருந்தாலும் உன் வாலறுந்தான் பிழைத்துக்கொண்டான் என்பதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? உன் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் பேச வருகிறவர்கள் எல்லாம் வேடிக்கை பார்ப்பார்களே, அந்த ஆரஞ்சு மீன். மற்ற மூன்றும் செத்துப்போயின. நாங்கள் கொன்றோம் என்று எழுதுவதுதான் சரி.

உன் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு முந்தின நாள், தீட்டுக் கழிக்க வீட்டைக் கழுவினார்கள். சாவு விழுந்த துஷ்டி வீட்டுத் தண்ணீர் ஒரு சொட்டுகூட மிஞ்சக் கூடாதாம். குடம், அண்டா, டிரம் எல்லாவற்றையும் நம் அத்தை கவிழ்த்தாள். வாரத்துக்கு ஒருமுறை குழாயைப் பார்க்கிற கோவில்பட்டிக்காரி, அத்தனை தண்ணீரையும் தெருவில் ஊற்ற எப்படித்தான் மனசு வந்ததோ. அதோடு விட்டாளா? பூத்துக்குள் போய் உன் மீன் தொட்டியையும் காலி செய்தாள். கண்ணாடி, கூழாங்கல், அழுக்கை வடிகட்டுகிற பஞ்சு எல்லாவற்றையும் குழாயடியில் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, அன்றைக்கு வந்த தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, மீன்களைத் தூக்கிப் போட்டுவிட்டாள்.

நான் புதியம்புத்தூரிலிருந்து வந்து இறங்கியபோது தொட்டி பளிச்சென்று இருந்தது. பிளீச்சிங் பவுடர் வாடை வாசல்வரை அடித்தது. நான்கு மீனும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

“என்னத்தை செஞ்சு வச்சிருக்கிய அத்தை?” என்றேன்.

“ஏட்டி, தீட்டுத் தண்ணியில மீனு கெடக்கலாமா? நல்ல தண்ணிதானே ஊத்தியிருக்கேன். வேணும்னா ஒரு சிட்டிக மஞ்சப்பொடி போடுதேன், சரியாப் போவும்.”

மஞ்சள் டப்பாவை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். விசேஷ வீட்டில் அத்தனை பேர் பார்க்கத்தான் பிடுங்கினேன். மதினி மட்டும் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முன்பொரு நாள் நான் தொட்டியைக் கழுவப் போனதற்கு நீ கத்திய கத்து நினைவிருக்கிறதா? “ஏட்டி, கால் பங்குக்கு மேல எடுக்காத. குழாத் தண்ணிய டிரம்முல தொறந்து வச்சு, வாடை போன பொறவு ஊத்து. பஞ்சைத் தொட்டித் தண்ணியிலயே அலசு. அதுலதான் நல்ல கிருமி இருக்கு.” அன்றைக்கு உன்னோடு ரெண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

வாடை போன தண்ணீருக்கு நான் எங்கே போவேன்? குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். பழைய தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டவளை எதிர்வீட்டுக்காரி மேலும் கீழும் பார்த்தாள். அண்ணன் போனதில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். நினைத்தால் நினைக்கட்டும். “துணி தொவைக்கப் போன வாரம் பிடிச்சது கெடக்கு, ஆவுமா?” என்றாள். வாளியில் அந்தத் தண்ணீரை ஊற்றி, மீன்களை அதில் விட்டு, காற்று மோட்டாரின் குழாயை உள்ளே போட்டேன். தொட்டியை வாடை போகத் திறந்து வைத்தேன்.

விடிவதற்குள் மூன்று மிதந்தன. உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது அழாத மதினி, அப்போதுதான் அழுதாள்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது உன்மேல் எனக்கு அப்படி ஆத்திரம் வந்தது. மீன் மேலே வந்து மூச்சு வாங்கினால், பிசைந்த சோற்றை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாயே. நீ மாடிப்படியில் பாதியில் நின்று நெஞ்சைத் தடவினாயே, அப்போது என்ன சொன்னாய்? “வாயு ஏட்டி, ஒரு சோடா குடிச்சாச் சரியாப் போவும்.” மதினி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டதற்கு, பூத்தை யார் பார்ப்பது என்றாய். இப்போது யார் பார்க்கிறார்கள் அண்ணே? ஊருக்குத்தான் உபதேசமா? மீனுக்கு மூச்சு முட்டுவது தெரிந்த உனக்கு, உன் மூச்சு முட்டுவது எப்படித் தெரியாமல் போனது? அத்தையாவது அறியாமல் செய்தாள்.

வாலறுந்தானுக்கு நீ சொன்னபடிதான் எல்லாம் செய்தேன். இரையை நிறுத்தினேன். டிரம்மில் மறுபடி பிடித்து வாடை போகவிட்ட தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். ஒரு பக்கமாகச் சாய்ந்தே கிடந்தவன் நேற்றுதான் நிமிர்ந்து இரை தின்றான்.

நேற்றே அத்தையும் மறுபடி வந்தாள். உன் அலமாரியைத் திறந்து, சட்டை வேட்டியெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டினாள். யாருக்காவது கொடுத்துத் தலைமுழுக வேண்டுமாம். மதினி அலமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

“கால் பங்கு கொண்டு போங்க அத்தை. மிச்சம் இங்கனயே கெடக்கட்டும்” என்றேன்.

“இது என்னட்டி கணக்கு?”

“எங்க அண்ணன் கணக்கு. ஒரேயடியா மாத்துனா உசிரு தாங்காதாம்.”

அத்தை என்னை முறைத்தாள். மதினி கீழே உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தாள். நீ பூத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் அந்த நீலக் கோடு போட்ட சட்டையை முதலில் எடுத்தாள்.

தண்ணீர் மாற்ற மதினிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன். நானும் வந்து பார்த்துக்கொள்கிறேன். ஒரு சத்தியமும் செய்கிறேன், கேட்டுக்கொள். இனி இந்த வீட்டில் யாராவது நெஞ்சைத் தடவிக்கொண்டு வாயு என்று சொன்னால், சோடா வாங்கப் போக மாட்டேன். தரதரவென்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவேன். உன்னை அப்படி இழுக்க விடாமல் போனாயே, அதற்கு மட்டும் உனக்கு மன்னிப்பு கிடையாது.

இப்படிக்கு,
இன்னும் உன்னோடு பேசாமல் இருக்கத் தெரியாத,
உன் கூடப்பிறந்தவள்