உட்காரும் குழு

மே 12, ஞாயிறு. கடலூர்

இல்லை, அப்பாவிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நவம்பர் வரை சொல்லவும் மாட்டேன். அம்மா எத்தனை விதமாகக் கேட்டாலும் பதில் இதுதான்.

பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் வந்திருக்கிறது. கூடம் முழுக்க வாசனை. அப்பா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுக்கிறார். பாதி தட்டுக்கு, பாதி வாய்க்கு. போன மாத முகாமில் அவர் சர்க்கரை விளிம்பில் நின்றது. மருந்து வேண்டாம், கவனமாக இருந்தால் போதும் என்ற அளவு. எப்படிக் கவனமாக இருப்பது என்பதைத்தான் நான் அவருக்குச் சொல்லக்கூடாது.

ஏன் என்று எனக்கே ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். அக்கம்பக்கத்தார் கூட்டாக நடந்து, தட்டில் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டினால், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வரும் ஆபத்து எவ்வளவு குறையும்? இதுதான் என் ஆராய்ச்சி. ஆட்களை எங்கள் தேவாலயப் பங்கிலேயே பிடித்தேன். கோயிலைச் சுற்றியுள்ள வீடுகள் முப்பது நாற்பதாகச் சேர்ந்தால் ஓர் அன்பியம். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் ஜெபம், ஜெபம் முடிந்ததும் கேசரி. அப்படிப் பன்னிரண்டு அன்பியங்கள். சீட்டுக் குலுக்கினோம். ஆறுக்கு நடையும் வகுப்பும். மற்ற ஆறுக்கு ஒன்றுமில்லை, அளவெடுப்பது மட்டும். ஆறு மாதம் அவர்கள் எப்போதும்போல் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒப்பிட முடியும். நவம்பரில் அவர்களுக்கும் அதே வகுப்பு உண்டு.

எங்கள் அந்தோணியார் அன்பியத்துக்கு விழுந்தது அளவெடுப்பு மட்டும். தலைவர் திரு. இருதயசாமி, ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர். என் அப்பா. அவரை விட்டுவிடலாமே என்று நெறியாளரிடம் கேட்டுப் பார்த்தேன். அவர் சேராவிட்டால் அந்த அன்பியத்தில் ஒருவரும் சேர மாட்டார்கள். சேர்ந்தபின் அவரிடம் நான் ஒன்று சொன்னால், அடுத்த ஜெபத்துக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும்.

"ஊருக்கெல்லாம் சொல்ற. பெத்தவருக்குச் சொல்ல வாய் வலிக்குதா?"

"நவம்பர்ல சொல்றேம்மா."

"அதுவரைக்கும் சக்கரை பொறுத்துட்டு இருக்குமா?"

எத்தனை சுளை என்று எண்ணக்கூடாது என முடிவு செய்தேன். எண்ணினேன்.

மே 14. சிதம்பரம்

என் நெறியாளர் எழிலரசி மேடம் இன்று சொன்னது: "உன் தெருவ அளக்கக் கதிரவன அனுப்புறேன். நீ வீட்டுக்குப் போனா சாப்புடு, தூங்கு, வாயத் தொறக்காத."

கதிரவன் எங்கள் துறையில் இன்னோர் ஆராய்ச்சி மாணவன். எனக்கு மூன்று கட்டளைகள். முதல் இரண்டில் நான் தேர்ந்தவள்.

ஜூன் 2, ஞாயிறு. கடலூர்

ஆரோக்கிய ஜெகன் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. லூர்து மாதா அன்பியத்தின் தலைவர். அவர்களுக்கு நடை விழுந்திருக்கிறது. அதற்குள் நீல டி-ஷர்ட் அடித்துவிட்டார்கள், முதுகில் மாதா படம். ஆராய்ச்சித் திட்டத்தில் டி-ஷர்ட் கிடையாது. எங்கே எழுதுவது?

"மாமா, எங்களது நடக்குற குழு. உங்களது உக்கார்ற குழு. நல்லா உக்காருங்க. ஆராய்ச்சிக்கு அதுவும் வேணுமாம்," என்றார் அப்பாவிடம்.

"சாப்புட்டுப் போ மச்சான்," என்றார் அப்பா.

"வேணாம் மாமா. இப்பல்லாம் ராத்திரிக்குக் கேவுரு அடை மட்டும்தான். உங்க பொண்ணு பேச்சத் தட்ட முடியல."

அப்பா சிரித்தார். உதடு மட்டும்.

ஒப்பீட்டுக் குழு என்பதுதான் சரியான பெயர். திருத்தலாமா? கூடாது. சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

ஜூன் 19. கடலூர்

நடக்கும் அன்பியம் ஒன்றில், முந்தைய நாள் சாப்பாட்டை விசாரித்து எழுதும் வேலை. ஜான்சி அக்கா வீடு.

"நேத்து என்ன சாப்பிட்டீங்கக்கா?"

"நேத்து நீ வருவேன்னு தெரியாது ஜூலி. இன்னிக்குத் தெரியும். இன்னிக்கி என்னன்னு கேளு, கீரையும் கொள்ளு ரசமும்."

"நேத்துதான் வேணும்."

"நேத்து வெக்கையில ஏதோ சாப்ட்டோம். எழுதாத."

அதன்பின் வாழைக்காய் பஜ்ஜி வந்தது. எனக்கு மட்டும் என்று வைத்து, பேச்சுவாக்கில் அவரும் இரண்டு எடுத்தார். விருந்தாளியோடு சாப்பிடுவது கணக்கில் வராதாம். எழுதினேன். பார்த்துவிட்டார். வாசல்வரை வந்து, "அடுத்த தடவ சொல்லிட்டு வா," என்றார்.

ஜூன் 21. சிதம்பரம்

எங்கள் சாப்பாட்டுப் படிவத்தில் இந்த ஊரின் கத்திரிக்காய் கொத்சு இல்லை. சிதம்பரத்தில் உட்கார்ந்து தயாரித்த படிவத்தில். கதிரவன் "இதர" என்று போடச் சொல்கிறான். கத்திரிக்காய்க்கு இந்த மண்ணில் இப்படி ஓர் அவமானமா?

ஜூலை 7, ஞாயிறு. கடலூர்

செய்தி: அப்பா தினமும் காலைப் பூசைக்குப் போகிறார். அம்மாவும் கூட. அப்பாவோ ஞாயிறன்றே பிரசங்கம் முடியும் நேரம் பார்த்து உள்ளே நுழைபவர்.

செருப்பு ஸ்டாண்டில் புதிதாக ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ. பூசைக்கு எதற்கு ஷூ? "முட்டி வலி," என்றார் அம்மா. அப்பா செய்தித்தாளைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

ஜூலை 28, ஞாயிறு. கடலூர்

பிரியாணி. அப்பா இரண்டாம் முறை கேட்கவில்லை. நானே கரண்டியை நீட்டினேன்.

"வேணாம். ஒறுத்தல் இருக்கேன்."

ஒறுத்தல், அதாவது வாயைக் கட்டுவது, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்கு. தவக்காலம் முடிந்து நாலு மாதம் ஆகிறது. எந்தப் பாவத்துக்கு இந்தத் தனிப் பரிகாரம்? பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறார். ஆணியால். கோணலாக.

ஆகஸ்ட் 10, சனி. கடலூர்

கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. சட்டை அவர் மேல் தொங்குகிறது. எங்கே போனாலும் கையில் தண்ணீர் பாட்டில். மத்தியானம் சாய்ந்தவர் உடனே தூங்கிவிடுகிறார்.

எடை குறைதல், தாகம், அசதி. தேர்வில் இதை வரிசையாக எழுதி வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கினவள் நான். இப்போது அது வீட்டுக் கூடத்தில் சாய்ந்து கிடக்கிறது.

ஏறிடுச்சா? விளிம்புலதான இருந்துச்சு. மே மாசமே ஒரு வார்த்த சொல்லியிருந்தா — சொல்லல. எதிர்ல உக்காந்து சுளைய எண்ணிட்டு இருந்தேன். பட்டம் வாங்கி யார் வீட்டுச் சுவத்துல மாட்டப் போறேன்?

"அப்பா, உடம்புக்கு என்ன?"

"எனக்கென்ன. ஜம்முனு இருக்கேன்."

கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார்.

ஆகஸ்ட் 12. சிதம்பரம்

மேடத்திடம் போய் நின்றேன். திட்டத்தை மீற அனுமதி கேட்கும் வாக்கியத்தைப் பஸ்ஸிலேயே மூன்று விதமாகத் தயார் செய்திருந்தேன். முதல் விதத்திலேயே நிறுத்தினார்.

"அப்பாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதுக்கு ஆராய்ச்சிகிட்ட கேப்பியா? நாளைக்கே போ. அது மக வேலை."

ஆகஸ்ட் 13, செவ்வாய். கடலூர், பிறகு பஸ்

சாப்பிடுவதற்கு முன் அப்பா பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். அதனால் விடியும்முன் பஸ் ஏறினேன். மஞ்சக்குப்பத்தில் இறங்கி, மைதானத்தின் ஓரமாக வீட்டை நோக்கி நடந்தேன்.

மைதானத்தில் ஒரு கூட்டம். ஜெபமாலை சொல்லிக்கொண்டே சுற்றி வந்தது. ஜெபமாலையை அந்த வேகத்தில் நான் கேட்டதில்லை. முன்னால் ஒருவர் கையை வீசி, ராணுவத்தில் இருந்தவர் மாதிரி. வேட்டி இல்லை. டிராக் பேன்ட். கேன்வாஸ் ஷூ.

அப்பா.

பின்னால் அந்தோணியார் அன்பியம் மொத்தமும். நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு அம்மா. என்னைப் பார்த்ததும் ஜெபமாலை நடுவிலேயே நின்றது.

"பூசைக்குப் போறதாச் சொன்னீங்க?"

"முடிச்சிட்டு நேரா அங்கதான் போறோம்," என்றார் அம்மா. "ஒண்ணும் பொய் சொல்லல."

அப்பா நிற்கவில்லை. நின்றால் பலன் குறையுமாம். கைப்பையோடு அவர் பக்கத்தில் ஓட வேண்டியதாயிற்று.

"இந்த வேகம் சரியா? பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதான உங்க வகுப்புல சொல்றீங்க?"

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"ஜெகன் சம்சாரம் உங்கம்மாகிட்ட சொல்லும். உங்கம்மா எங்ககிட்ட சொல்லுவா. வாராவாரம் வகுப்பு தவறுனதில்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா மேடத்துகிட்ட சொல்லுவ. அவுங்க நிறுத்தச் சொல்லுவாங்க. உன் வேல அது, தப்பு சொல்லல." கையை இன்னும் வேகமாக வீசினார். "நவம்பர்ல அளப்பீங்கல்ல. அப்பத் தெரியட்டும், யாரு உக்கார்ற குழுன்னு."

ஆனாலும் விடவில்லை. லேபுக்குக் கூட்டிப் போனேன். மத்தியானம் முடிவு வந்தது. இறங்கியிருக்கிறது. விளிம்பை விட்டு நன்றாக உள்ளே வந்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து அம்மா சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். சிதம்பரத்துக்குள் பஸ் நுழையும்போதுதான் உறைத்தது. ஒப்பிட உட்கார வேண்டியவர்களே நடக்கிறார்கள். ஆராய்ச்சி செத்துவிட்டது. கொன்றவர் ஜம்மென்று இருக்கிறார்.

ஆகஸ்ட் 14. சிதம்பரம்

இரண்டு வழி. நடையை நிறுத்துங்கள் என்று அப்பாவிடம் சொல்லலாம். அல்லது நான் அந்தப் பக்கமே போகவில்லை என்று இருந்துவிடலாம்.

முதலாவதை ஹாஸ்டல் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். "அப்பா, நவம்பர் வரைக்கும் உக்காருங்க." வாய் வரவில்லை. இரண்டாவதற்கு ஒத்திகை தேவையில்லை. சும்மா இருந்தால் போதும். அதனாலேயே பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 16, வெள்ளி. சிதம்பரம்

மேடத்திடம் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மத்த அஞ்சு அன்பியம்?"

கதிரவன் நேற்றும் இன்றும் போய்ப் பார்த்து வந்திருந்தான். நான்கு நடக்கின்றன. ஒன்று சில்வர் பீச்சில் ஓடுகிறது.

"நீ இந்தப் பங்குல வளந்தவதான? ஒரு அன்பியத்துக்குக் குடுத்து இன்னொண்ணுக்குக் குடுக்காம விட்டா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். கிறிஸ்துமஸ் குடில் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கிய அன்பியம், முதல் பரிசுக்காரர்களிடம் ஈஸ்டர் வரை பேசாததைப் பார்த்தவள்தான். திருவிழாச் சப்பரத்துக்கு யார் பூ அதிகம் வைத்தார்கள் என்று மாலையின் நீளத்தை முழம் போட்டவர்கள் நடுவில் வளர்ந்தவள்தான். அந்த அறிவையெல்லாம் கடலூரிலேயே விட்டுவிட்டு வந்து, இங்கே உட்கார்ந்து எத்தனை பேர் வேண்டும் என்று சூத்திரம் போட்டுப் பார்த்தேன்.

"நடந்தத நடந்தபடி எழுது. கடைசி அளவையும் எடுப்போம். ஆனா ஒப்பீடு வேணும்னா வேற எடத்துல முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். ஒரு வருஷம் போயிடும்."

"போகட்டும் மேடம்."

சொன்னபின்தான் ஒரு வருடம் எவ்வளவு நீளம் என்று யோசித்தேன்.

"உங்கப்பாவ நிறுத்தச் சொன்னியா?"

"இல்ல மேடம்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேறு கோப்பைத் திறந்தார். அது சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு. கடலூர்

நானும் நடந்தேன். இரண்டாம் சுற்றிலேயே பின்தங்கிவிட்டேன். அம்மா திரும்பிப் பார்த்து, "டாக்டர் பட்டம் வருது, வழி விடுங்க," என்றார்.

நவம்பர் 10, ஞாயிறு. கடலூர்

கடைசி அளவுகள் முடிந்தன. நடக்கும் குழுவில் சர்க்கரை, அழுத்தம், இடுப்பு மூன்றும் இறங்கியிருக்கின்றன. உட்காரும் குழுவிலும் மூன்றும் இறங்கியிருக்கின்றன. இரண்டுக்கும் வித்தியாசமில்லை. என் கேள்விக்கு இது பதிலே இல்லை. பங்கில் மட்டும் எல்லாருக்கும் பேன்ட் தொளதொளக்கிறது.

பூசை முடிந்து வாசலில் ஜெகன் மாமா அப்பாவை விடவில்லை.

"சமம்னா எப்படி மாமா? நாங்கதான ஃபர்ஸ்ட்டு நடந்தோம்."

"உங்களுக்குச் சொல்லிக்குடுத்தாங்க, நடந்தீங்க மச்சான். எங்களுக்கு யாரும் சொல்லல."

அப்பா இந்த முறை பல் தெரியச் சிரித்தார்.

நவம்பர் 17, ஞாயிறு. கடலூர்

வாக்குக் கொடுத்த வகுப்பு, பங்கு மன்றத்தில். ஆறு அன்பியங்களும் வந்திருந்தன. ஒரு மணி நேரத்துக்குத் தயாரித்திருந்தேன். பாதியில் நிறுத்தினேன்; முன்வரிசை உதடுகள் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தன.

அப்பா குறுக்கே ஒன்றும் பேசவில்லை. ஆறு மாதம் நான் அவருக்குச் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் கைகட்டிக் கேட்டார், முதல்முறை கேட்பவர் மாதிரி. வெளியே வந்ததும் ஒன்று மட்டும் சொன்னார்.

"நல்லாப் பேசின. கொஞ்சம் வேகம் ஜாஸ்தி."

நவம்பர் 18, திங்கள். குறிஞ்சிப்பாடி

காலை பஸ்ஸில் வந்தேன். கதிரவன் வடலூரிலிருந்து வந்து சேர்ந்துகொண்டான். இந்த முறை தெருக்கள் வேண்டாம், தள்ளித் தள்ளி இருக்கும் ஊர்களாக எடுப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். சீட்டு எதுவும் இன்னும் எழுதவில்லை. பஸ் நிலையத்துக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, இந்தப் பக்கத்தில் எந்த ஊருக்கு எந்த ஊரோடு போட்டி என்று முதலில் விசாரித்தோம்.