மழையில் நனைந்த பிள்ளை

அட்டுவம்பட்டி
9.8.2006

அன்புள்ள அப்பாவுக்கு சுதாராணி எழுதுவது. இங்கே மழை விடவில்லை. மற்றபடி நலம். உங்கள் கால் வீக்கம் வற்றிவிட்டதா?

அம்மாவும் அக்காவும் தூங்குகிறார்கள். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தெரிந்தால் அம்மா என் படிப்பை நிறுத்திவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை சிவராமன் மாமா உங்களைப் பார்க்க ஏலத்தோட்டத்துக்கு வருகிறார். அக்காவின் கர்ப்பப்பையை எடுத்துவிட உங்கள் சம்மதம் கேட்கும் தாள் அவரிடம் இருக்கும். அக்காவை யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி என்று சொல்லாமல், மதுரையைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். எந்தச் சேலை கட்டுவது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் அக்காவின் பயிற்சி மையத்தில் முத்துலட்சுமி டீச்சர் பிள்ளை வளர்ப்பதைப் பற்றிப் பாடம் எடுத்தார். அங்கே எல்லோருமே அக்காவைப் போல மெதுவாகப் புரிந்துகொள்கிறவர்கள். ஆனால் வயசு வந்தவர்கள். பிள்ளை எப்படி உண்டாகிறது, வேண்டாம் என்றால் என்ன செய்யலாம் என்று ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தாராம். பிறகு ஆளுக்கொரு மணல் மூட்டை, பையன்களுக்கும்தான். மூன்று கிலோ. ஒரு வாரத்துக்கு அதுதான் பிள்ளை. தனியே விடக்கூடாது.

அம்மா, "ஏட்டி, மண்ணுக்குத் தாலாட்டு வேறயா? சோலியப் பாரு" என்று சிரித்தாள். அக்காவோ, "சத்தம் போடாதம்மா, இப்பத்தான் தூங்குச்சு" என்றாள்!

ஐந்தாம் நாள் விறகு பொறுக்கப் போனவள் மூட்டையை வேலியோரம் மறந்துவிட்டாள். மழை கொட்டிவிட்டது. நான் ஓடிப்போய் எடுத்து, மணலைச் சட்டியில் வறுத்து, துணியை அடுப்பில் காட்டிக் காயவைத்து, முன்போலவே கட்டிக்கொடுத்தேன். வாயைத் திறக்காதே என்றும் சொன்னேன். மறுநாள் அவள் எல்லோர் முன்னாலும் எழுந்து, "டீச்சர், பிள்ளைய மழையில விட்டுட்டேன். தங்கச்சி காயவச்சுட்டா. ஆனா நனைஞ்சது நனைஞ்சதுதானே" என்றாளாம். தன் மூட்டையை இரண்டு நாள் கட்டிலடியில் போட்டுவிட்டு, "நல்லாத் தூங்குற பிள்ளை டீச்சர்" என்று அளந்துகொண்டிருந்த அழகனும் அதைக் கேட்டபிறகுதான் உண்மையைச் சொன்னானாம்.

உனக்குப் பிள்ளை வேண்டுமா என்று டீச்சர் அக்காவைக் கேட்டதற்கு, "இப்ப வேணாம். ஒத்தையில முடியாது. கூட ஆள் இருந்தா பெறகு யோசிக்கணும்" என்றாளாம். கணக்கில் தொண்ணூறு வாங்குகிற நான், மூட்டையை மறந்திருந்தால் செத்தாலும் சொல்லியிருக்கமாட்டேன் அப்பா.

டீச்சர் இதைப் பெருமையாக வீட்டுக்கு வந்து சொன்னதுதான் வினை. "மண்ணையே மழையில விட்டவ, பிள்ளைய எங்க விடுவாளோ" என்று மாமா பிடித்துக்கொண்டார். அம்மாவைத் திட்டாதீர்கள். அக்கா வரக் கொஞ்சம் தாமதமானாலும் பஸ் நிறுத்தத்தில் போய் நிற்கிறாள். எல்லாம் பயம்தான்.

கையெழுத்துப் போடாதீர்கள் அப்பா. லீவு சொல்லிவிட்டு வாருங்கள். அக்காவையே கேளுங்கள். அவசரப்படுத்தாமல் கேட்டால் பதில் சொல்வாள்.

நான் எழுதியதை மாமாவிடம் சொல்லவேண்டாம் என்று மேலே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன், பாருங்கள். சொல்லிவிடுங்கள். எழுதியது எழுதியதுதானே.

வழி பார்த்திருக்கும் உங்கள் சின்ன மகள்
சுதாராணி