தனி அடுப்பு

ஜூன் 4

தேனீ வளர்ப்புக் கையேடு ஒன்று, நாற்பத்திரண்டு பக்கம், பிழை பார்த்து முடித்தேன். அச்சகத்துப் பின்னறையில் இன்றும் மின்விசிறி ஓடவில்லை.

மதியம் அண்ணி போனில்: "அம்மாவுக்கு மறுபடி வயித்து வலி. இந்தத் தடவை சுருண்டு படுத்துட்டாங்க."

ஆட்டோவில் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். பித்தப்பையில் கல். அறுவை சிகிச்சை வேண்டும். கொஞ்சம் தள்ளிப் போடலாம், ரொம்பத் தள்ளக் கூடாது என்றார் மருத்துவர். கவுண்டரில் எங்கள் பகுதி மருத்துவக் காப்பீட்டுச் சங்கத்தின் அட்டையை நீட்டினேன்.

"அம்மா பேரு இதுல இல்லையே" என்றாள் அங்கிருந்த பெண்.

"சரியாப் பாருங்க. ஒரே குடும்பம்."

"நாலு பேருதான். உங்க அண்ணன், அண்ணி, அவங்க பொண்ணு, நீங்க." திரையை என் பக்கம் திருப்பினாள். கீழே ஒரு குறிப்பு. அம்மாவின் பெயர், பக்கத்தில்: அதே வீட்டில் வசிப்பவர், தனி அடுப்பு.

தனி அடுப்பு. தினமும் ஐந்தரைக்கு எழுந்து ஐந்து பேருக்கும் சமைக்கிறவள்.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டாள். "கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பு" என்றேன். ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஜூன் 5

அண்ணனின் பேட்டரிக் கடைக்கே போய்க் கேட்டேன்.

"பாப்பாவுக்கு அப்ப டான்சில் ஆபரேஷன் அவசரம். அறுபது தாண்டினவங்க பேரு இருந்தா பரிசோதனை அது இதுன்னு மொத்தக் குடும்பத்துக்கும் அட்டை வர மூணு மாசம் ஆகும்னாங்க. அப்புறம் சேத்துக்கலாம்னு இருந்தேன்."

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"மறந்துட்டேன்." பேட்டரி முனையைத் தேய்த்துக்கொண்டே சொன்னான். நிமிரவில்லை.

மறந்துட்டானாம். அம்மா போட்ட சோத்தை மட்டும் ஒரு வேளையாவது மறந்தானா?

"அம்மாகிட்ட சொல்லிடாத" என்றான். நான் படியிறங்கும்போது பின்னாலிருந்து: "ரொம்பத் துள்ளாத, பண்டிதை. அந்தப் படிவத்துல நீயும்தான் கையெழுத்துப் போட்ட."

ஜூன் 6

உண்மை. சங்க அலுவலகத்தில் நகலைக் காட்டினார்கள். அடியில் என் கையெழுத்து. ஊரார் எழுதியதை எல்லாம் எழுத்தெழுத்தாகப் படிக்கிறவள், இதைப் படிக்காமல் போட்டிருக்கிறேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீட்டியிருப்பான். எச்சில் கையைத் துடைத்துவிட்டுப் போட்டிருப்பேன்.

அதற்காக அவனை விட்டுவிடலாமா? விடமாட்டேன்.

ஜூன் 9

கதைகளில் பழிவாங்கப் புறப்படுகிறவர்களுக்குக் கத்தி கிடைக்கிறது, விஷம் கிடைக்கிறது. எனக்குக் கிடைத்தது சங்கத்தின் விதிமுறைப் புத்தகம், முப்பத்திரண்டு பக்கம். இரண்டு முறை படித்தேன்.

படிவத்தில் பொய் சொல்லியிருந்தால் அந்த வீட்டின் அட்டை ஒரு வருடம் முடக்கப்படும். புகார் கொடுத்தாலும், அம்மாவை இப்போது அந்த அட்டையில் சேர்க்கக் கேட்டாலும் பொய் வெளிவரும்; பாப்பாவும் வெளியே, அம்மாவும் வெளியே. அது ஆகாது. ஆனால் பத்தொன்பதாம் பக்கத்தில் வேறொன்று: ஒரே வீட்டில் இருந்தாலும் முப்பது நாள் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் தனிக் குடும்பமாகச் சேரலாம். குறைந்தது இரண்டு பேர் வேண்டும். கள அலுவலர் வந்து அடுப்பைப் பார்ப்பார்.

நான் அண்ணன் அட்டையிலிருந்து விலகி அம்மாவோடு சேர்ந்தால் இரண்டு பேர். புது அட்டை வரும்வரை எனக்கும் எதுவும் ஆகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தனி அடுப்பு என்றுதானே எழுதினான். எழுதினதை நடத்திக் காட்டுகிறேன்.

ஜூன் 11

துணி துவைக்கும் பின்னறையை ஒழித்தேன். ஒற்றை மின் அடுப்பு, இரண்டு பாத்திரம், இரண்டு தட்டு. அந்தக் கம்ப்யூட்டர் தப்பைச் சரிசெய்ய இதுதான் வழி, சங்கத்து விதி என்று அம்மாவிடம் சொன்னேன்.

"முப்பது நாளா? அவங்களுக்கு யாரு சமைப்பா?"

"அவங்களுக்குக் கை இல்லையா?"

"அதுக்கில்லடி. உங்க அண்ணி எட்டு மணிக்கெல்லாம் மருந்துக்கடைல இருக்கணும்."

"நீ ஆபரேஷன் பண்ணிக்கணுமா, வேணாமா?"

உப்பு ஜாடியில் பாதியைப் பிரித்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஜூன் 14

முன்பக்கச் சமையலறையிலிருந்து நாலு நாளாகக் கருகல் வாசனை. அண்ணன் இன்று ரொட்டிப் பாக்கெட்டோடு கடைக்குப் போனான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பின்னால் இல்லையென்று மறுக்காமலிருக்க எழுதி வைக்கிறேன்: ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 20

அம்மா ஒரு தட்டில் போட்டுப் பாப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாள். குழந்தை வாயருகே கொண்டுபோனதும் நான் தட்டை வாங்கிக்கொண்டேன். "ஒருநாள் கலந்தாலும் முப்பது நாளும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்மா."

அப்படி ஒரு விதி புத்தகத்தில் இல்லை. நானே உண்டாக்கினது. பாப்பா அழவில்லை, என்னைப் பார்த்தாள். ஆறு வயதுக் குழந்தை அப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியாது.

ஜூன் 27

அண்ணன் இளைத்திருக்கிறான். போதாது.

ஜூலை 3

ஆரஞ்சுப் பழத்தோடு பின்னறைக்கு வந்தான். அம்மா துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தாள். உட்கார இடமில்லாமல் வாஷிங் மெஷின்மேல் சாய்ந்து நின்றான்.

"இன்னும் என்ன செய்யணும்ங்கற?"

"ஒண்ணும் வேணாம். அலுவலர் வருவார், கேப்பார். பதில் சொல்லு."

"கையெழுத்துப் போட்டுத் தரேன். எத்தனை வேணும்னாலும். அம்மா முன்னாடி மட்டும் வேணாம்."

அந்த ஒன்றுதான் எனக்கு வேண்டும் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஜூலை 12

அலுவலர் பத்து மணிக்கு வந்தார். கையில் நனைந்த குடை, அக்குளில் கோப்பு. பாத்திர மூடியைத் திறந்து பார்த்தார். அடுப்பைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறிக்கொண்டார். "நல்லாத்தான் சுடுது."

அம்மா சிரித்தாள்.

"முன்பக்கத்து ஆளு ஒரு கையெழுத்துப் போட்டா போதும். அம்மா உக்காந்திருக்க வேண்டியதில்ல, போய்ப் படுக்கட்டும்."

"இருக்கட்டும் சார்" என்றேன். "அவங்களுக்கும் தெரியணும்."

அண்ணனைக் கூப்பிட்டேன். அலுவலர் பழைய படிவத்தைக் கட்டில்மேல் விரித்தார். "ரெண்டு வருஷம் முன்னாடியே உங்கம்மாவுக்குத் தனி அடுப்புன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. அது சரிதானே? தப்புன்னா இப்பவே சொல்லிடுங்க. ஆனா உங்க அட்டை நிக்கும்."

அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு வாசலில் நின்ற பாப்பாவை.

"சரிதான் சார்."

"அப்ப இவங்க உங்க குடும்பத்துல இல்ல."

"இல்ல."

ஒரு மாதம் அந்த முகத்துக்காகக் காத்திருந்தேன். கண்ணெடுக்காமல் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்ததால் அம்மா பக்கம் திரும்ப நேரமாகிவிட்டது. அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலையிலேயே துடைத்த அடுப்பு.

ஜூலை 13

"ரெண்டு வருஷமா?" என்று அம்மா கேட்டாள்.

"ஆமா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"போன மாசம்."

என் கையெழுத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஏன்? அச்சகத்தில் நாள் முழுக்க இதே கேள்வி. ஒரு பக்கத்தில் மூன்று பிழையை விட்டுவிட்டேன்.

ஜூலை 19

அண்ணன் இரண்டு முறை பின்னறை வாசல்வரை வந்து திரும்பிப் போனான். நான் ஜெயித்துவிட்டேன் இல்லையா? பிறகு ஏன் பசிக்கவில்லை?

செப்டம்பர் 30

அம்மாவுக்குப் பரிசோதனை எல்லாம் முடிந்து அட்டை வந்தது. குடும்பத் தலைவர்: அம்மா. படத்தில் இரண்டு முகம்.

அக்டோபர் 22

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கவுண்டரில் அதே பெண். "இப்ப அட்டைல இருக்காங்க" என்றாள்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். கட்டிலோரம் நின்றான். எதையோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அம்மா, "உக்காருப்பா. கடையப் பூட்டிட்டா வந்த? உனக்கு எதுக்கு வீண் சிரமம்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. எதிர்வீட்டுக்காரர் வந்தால் எப்படிப் பேசுவாளோ அந்தக் குரல். அவன் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போய்விட்டான். மாடிப்படி வளைவில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். நான் வேறு வழியாக இறங்கினேன்.

நவம்பர் 8

அம்மா எழுந்து நடமாடுகிறாள். "இனிமே யாரும் வந்து பாக்க மாட்டாங்கம்மா. முன்பக்கமே சமைக்கலாம்" என்றேன். அண்ணியும் வந்து கூப்பிட்டாள், அழுதுகொண்டே.

"எதுக்கு? அவங்களுக்கு அவங்க சமையல் பழகிடுச்சு" என்றாள் அம்மா, அண்ணியைப் பார்க்காமல் என்னிடம்.

அண்ணி போனபின் சொல்லிவிட்டேன். "அந்தப் படிவத்துல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். படிக்காம போட்டுட்டேன்."

"தெரியும். அந்த சார் விரிச்சு வச்சப்பவே பாத்தேன்." துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

என் துணியைத் தனியாக, அவள் துணியைத் தனியாக அடுக்கினாள். எப்போதும் அப்படித்தான் அடுக்குவாளா? ஞாபகமில்லை.

டிசம்பர் 2

சங்கத்திலிருந்து கணக்கெடுக்க ஒரு சின்னப் பெண் வந்தாள். எத்தனை வீடு சேர்ந்திருக்கிறது, சேர்ந்தவர்களுக்குத் திருப்திதானா என்று கேட்டுப் போகிறார்கள். பின்னறையில் அம்மா கட்டிலில், அவள் நாற்காலியில், நான் கதவோரம்.

"குடும்பத்துல எத்தனை பேரும்மா?"

"ரெண்டு."

"அட்டைல இல்ல, வீட்டுல."

"அதேதான்."

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். ஜூன் மாதம் முழுக்க நான் கேட்கத் துடித்த எண் அது.

"திட்டம் எப்படிம்மா? ரொம்பத் திருப்தி, திருப்தி, சுமார், திருப்தி இல்ல."

"ரொம்பத் திருப்தின்னு போடும்மா. சொன்ன நாள்ல அட்டை குடுத்தாங்க. ஆபரேஷன் பண்ணாங்க. யாரும் ஒரு சொல் கடிஞ்சு பேசல."

முன்பக்கத்தில் குக்கர் விசில் அடித்தது. நாலு, அஞ்சு. அங்கே யாரும் கவனிக்கவில்லை போல. ஆறு. அம்மாவின் கை கட்டில் விளிம்பைப் பிடித்தது, எழப்போகிறவள் மாதிரி. ஏழு. பாப்பா கத்திக்கொண்டு ஓடும் சத்தம், யாரோ நிறுத்தினார்கள்.

அம்மா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த கேள்வி கேளும்மா" என்றாள்.