தட்டில் வெட்டிய பெயர்

டீச்சர், இந்த மடலை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில் காட்டுவதற்கு யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன். அடுத்த அறையில் அப்பா இன்னும் தூங்கவில்லை. இருமுகிறார்.

என் மடியில் நீங்கள் செய்த ‘ம’ அட்டை இருக்கிறது. மைதாப் பசை காய்ந்த வாடையும் பஞ்சு வாடையும் இன்னும் போகவில்லை. மூலையில் என் தங்கை மலரின் பல் தடம். அவள் என் பக்கத்தில்தான் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். இன்று அவள் செய்ததை உங்களுக்குச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

நாகல் நகரில் நீங்கள் வகுப்பு நடத்திய அந்த மாடி அறை, எட்டுப் பிள்ளைகள். ஐந்து வயதாகியும் பேச்சு வராத மலரைச் சனிக்கிழமைகளில் நான்தான் அழைத்து வருவேன். சுவரில் எட்டு ஆணி, பாயில் எட்டுப் பெயர் அட்டை. வந்ததும் ஒவ்வொருவரும் தன் பெயரைத் தேடி எடுத்து மாட்ட வேண்டும். மலர் மாதக்கணக்கில் கையில் கிடைத்ததை மாட்டினாள். நீங்கள் ஒருநாளும் தப்பு என்று சொன்னதில்லை. “இது முருகேசு பேரு. அவன் அழுவான்ல? ஒன்னோடதத் தேடு தாயி” என்பீர்கள்.

வேடசந்தூர் மில்லிலிருந்து அம்மா கொண்டுவந்த கழிவு நூலை எழுத்து வடிவில் அட்டையில் ஒட்டினீர்கள். முதலில் ட. அப்புறம் ப, ம. பிள்ளைகள் விரலால் தடவித் தடவி வர வேண்டும். “ஏன் டீச்சர், ‘அ’ இல்ல?” என்று கேட்டேன்.

“அதுல எம்புட்டு வளைவு பாத்தியா? இந்த விரலு மொத நேர்கோட்டுல நடக்கட்டும். வளைவெல்லாம் பெறகு வரும்.”

அந்த ‘அ’தான் எல்லாவற்றையும் கெடுத்தது. விஜயதசமியன்று தாடிக்கொம்பு கோயிலில் சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க, அப்பா மலரின் விரலைப் பிடித்துத் தாம்பாளத்து அரிசியில் ‘அ’ எழுத வைத்தார். அவள் அலறிக்கொண்டு அரிசியை வாரி இறைத்தாள். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, மடியில் விழுந்ததைத் தட்டிவிட்டு, “அட்சதை போட்டு ஆசீர்வாதம் பண்றா, எல்லாரும் கும்பிட்டுக்கங்கப்பா” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

அதோடு மலரை உங்களிடம் அனுப்புவது நின்றது. நீங்கள் வீட்டுக்கே வந்தீர்கள். அப்பா வாசலிலேயே நிறுத்தினார். “ஆறு மாசமா ஒரு ‘அ’னா வரல. எம்புள்ளய வச்சு வெளாண்டது போதும்.” தெருமுனையில் என்னிடம் எழுத்து அட்டைகள் இருந்த பையைக் கொடுத்தீர்கள். “அவ விரல மட்டும் விட்டுராத மல்லிகா.” அதுதான் கடைசி. பொங்கலுக்குள் மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோய்விட்டது. கடைசியாகப் பார்க்கக்கூட என்னை வரவிடவில்லை.

பையை என் பாவாடைகளுக்கு அடியில் ஒளித்தேன். அப்பா மில் பஸ் ஓட்டப் போகும் நேரம்தான் எங்கள் பள்ளிக்கூடம். முதல் வாரம் நானும் ஒரு தப்புச் செய்தேன், டீச்சர். அப்பாவிடம் காட்டிவிடலாம் என்ற ஆசையில், நானே நூல் ஒட்டி ஒரு ‘அ’ செய்தேன். மலர் அதைக் கடித்துத் துப்பினாள். கோபத்தில் பக்கத்திலிருந்த ‘ம’வுக்கும் ஒரு கடி. அன்றே ‘அ’வைக் கிழித்துப்போட்டேன். அப்புறம் ‘ல’வும் ‘ர்’உம் நானே ஒட்டி, ஒரு வருடம் அவள் பெயர் மட்டும்தான்.

போன வாரம் அப்பா முடிவு செய்துவிட்டார். திங்கட்கிழமை மலரைத் தேனிப் பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தங்கவைக்கும் ஒரு ஹோமில் கொண்டுபோய் விடுவதென்று. “தம்பேரே தெரியாத புள்ள. எங்க இருந்தா என்ன?” என்றாள் அத்தை. ஹோமுக்குக் கொண்டுபோகும் சாமான்களில் பெயர் இருக்க வேண்டுமாம். இன்று அப்பா பாத்திரக்கடையில் தட்டு வாங்கிப் பெயர் வெட்டிக்கொண்டு வந்தார். நான் ஏங்கிவிடக் கூடாதென்று எனக்கும் அதேபோல் ஒன்று. ஒன்றில் மலர், ஒன்றில் மல்லிகா. இரண்டுக்கும் ஒரே பளபளப்பு.

சாப்பாட்டு நேரத்தில் அம்மா இரண்டையும் கழுவி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள். மலர் வந்து உட்கார்ந்து, மேல் தட்டின் விளிம்பில் விரலை வைத்தாள். புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகளின் மேல் மெல்ல நகர்த்தினாள். பாதியில் நின்றாள். அந்தத் தட்டை என் பக்கம் தள்ளினாள். கீழே இருந்ததைக் கடைசி எழுத்துவரை தடவிப் பார்த்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“குருட்டாம்போக்குல எடுத்துருச்சு” என்றாள் அத்தை.

அப்பா இரண்டையும் வாங்கி, முதுகுக்குப் பின்னால் மாற்றி மாற்றிப் பிடித்து நீட்டினார். விரல் போனது. தன் தட்டையே எடுத்தாள். மறுபடியும் அதையே. மூன்றாம் முறையும் நீட்டினார். மலர் அலுத்துப்போய் அவர் முழங்காலில் ஓர் அடி போட்டாள். தன்னுடையதைப் பிடுங்கிக்கொண்டு அம்மாவிடம் சோற்றுக்கு நீட்டினாள்.

“அடியே, கள்ளி!” அத்தையே வாயைப் பிளந்துவிட்டாள். அம்மா அழுதுகொண்டே சோறும் வெஞ்சனமும் வைத்தாள்.

“யாரு இதுக்குச் சொல்லிக்குடுத்தா?” என்றார் அப்பா. தலையைக் குனிந்துகொண்டேன். அவரும் திரும்பக் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் மலரின் தட்டை அவரே கழுவினார். கட்டி வைத்திருந்த ஹோம் பைக்குள் அதை வைக்கவில்லை, டீச்சர். எங்கள் அலமாரியில், என் தட்டின் மேல் வைத்தார்.

ஜெயித்துவிட்டோம். நீங்களும் மலரும் நானும். ஒரு வருடம் அவரை ஏமாற்றினேன் என்பதை எப்படிச் சொல்வேன் என்ற பயம் மட்டும் என்னிடம் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்னபடி நான் அந்த விரலை விடவில்லை. இப்போதும் என் இடது கைக்குள்தான் இருக்கிறது. தூக்கத்திலும் உள்ளங்கையில் ஏதோ கோடு இழுக்கிறது. இனி மெல்ல ‘அ’வின் வளைவுகளைத் தொடங்கலாம் என்று

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். “மல்லிகா, முழிச்சிருக்கியாத்தா? அந்த டீச்சரம்மா குடுத்த பைய எடுத்துட்டு வா. செத்த நேரம் நானும் தடவிப் பாத்து…”